குளம் என்று தேடினால் குளத்தின் கடிதமும் கிடைக்க வேண்டும்: மின்னஞ்சல் செயலியில் தேடலும் வடிகட்டலும் அமைக்கும் முறை

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் தமது மின்னஞ்சலில் ஒரு கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் அருகில் அமர்ந்திருந்தேன். அவர் ‘குளம்’ என்று தட்டினார். முடிவுகள் எதுவும் இல்லை என்று செயலி அறிவித்தது. கடிதம் வரவில்லை என்று எண்ணிய அவர், மறுபடியும் அனுப்பிவைக்கும்படி தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். கடிதமோ ‘குளத்தின் துருசு திருத்தம் தொடர்பாக’ என்ற தலைப்புடன் அவருடைய அஞ்சற்பெட்டியிலேயே கிடந்தது. செயலியால் கண்டுபிடிக்க முடியாத கடிதம் பயனருக்கு வராத கடிதமே என்பதால், பெட்டியின் நிறத்தையும் பொத்தானின் இடத்தையும் பற்றி யோசிப்பதற்கு முன்னர் இந்தத் தவறு எங்கே நேர்கிறது என்று பார்ப்பது நல்லது.

திரையை வரையத் தொடங்குமுன், செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்கள் தேடும் கடிதங்களை வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். “போன காலபோகத்துக்கு முன்னம் கமநல சேவை நிலையத்திலிருந்து வந்த உர விண்ணப்பப் படிவம்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரே வாக்கியத்தில் காலம், அனுப்பியவர், இணைப்புக் கோப்பு, பொருள் ஆகிய நான்கும் அடங்கிவிடுகின்றன. பொருளைத் தேடற்பெட்டி ஏற்கட்டும். மற்ற மூன்றையும் அதன் கீழேயே, ஒரு சொடுக்கில் எட்டும் வடிகட்டிகளாக வைக்கலாம். கடிதத்தின் பருமன், முன்னுரிமை, நகல் பெற்றவர் போன்றவற்றை ‘மேலும்’ என்ற பொத்தானுக்குள் ஒதுக்கிவிடுங்கள். அவற்றை நினைவில் வைத்துக் கடிதம் தேடியவரை நான் இதுவரை கண்டதில்லை.

காலத்தைத் தெரிவுசெய்ய நாட்காட்டி மட்டும் போதாது; ‘இந்த வாரம்’, ‘கடந்த மாதம்’, ‘இந்த ஆண்டு’ என்ற ஆயத்தத் தெரிவுகளும் தேவை. வன்னியின் இரு நெற்செய்கைப் பருவங்களான காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு பொத்தான்களைச் சேர்க்க எனக்கும் ஆசை வந்தது. ஆனால் விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் அந்தந்தக் குளத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே முடிவாகின்றன. ஆகவே செயலி ஒரு திகதியை விதிப்பதைக் காட்டிலும், பயனர் தாமே ஒரு கால எல்லையைக் குறித்து அதற்கு ஒரு பெயரிட்டுச் சேமிக்க இடமளிப்பதே மேல். அரச கடிதங்களில் 2024.05.12 என்று ஆண்டை முதலில் வைத்தும், மற்ற இடங்களில் 12/05/2024 என்று நாளை முதலில் வைத்தும் எழுதுவதால், தட்டப்படும் திகதியை இரண்டு வகையிலும் ஏற்று, ‘12 மே 2024’ என்று மாதப் பெயருடன் திருப்பிக் காட்டினால் குழப்பம் இராது.

‘வடிகட்டி’ என்ற சொல் மின்னஞ்சலில் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது. ஒன்று, கண்முன் உள்ள பட்டியலைத் தற்காலிகமாகச் சுருக்குவது. மற்றது, இனி வரும் கடிதங்களை ஒரு விதிப்படி வேறு கோப்புறைக்கு நகர்த்துவது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே பெயரில் உள்ளன. ஜிமெயிலின் விரிவான தேடல் படிவத்தில் தேடும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வடிகட்டி உருவாக்கும் பொத்தானும் இருக்கிறது. பட்டியலைச் சுருக்க நினைத்தவர் தெரியாமல் நிரந்தர விதியொன்றை அமைத்துவிட்டால், பின்னர் வரும் கடிதங்கள் எங்கே போகின்றன என்று அவருக்கு விளங்காது. முதலாவதற்கு ‘சுருக்கிக் காட்டு’ என்றும் இரண்டாவதற்கு ‘வரும் கடிதங்களுக்கான விதி’ என்றும் பெயரிட்டு, விதியை அமைப்புகள் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நடைமுறையில் உள்ள ஒவ்வொரு வடிகட்டியும் பட்டியலுக்கு மேலே சிறு சீட்டாகத் தெரிய வேண்டும். சீட்டின் ஓரத்தைத் தொட்டால் அது மட்டும் நீங்க வேண்டும். இரண்டு அனுப்புநர்களைத் தெரிவுசெய்தால் இருவரில் எவருடைய கடிதமும் வரலாம்; அனுப்புநரையும் காலத்தையும் தெரிவுசெய்தால் இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும். ஒரு கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது தேடிய சொல், சீட்டுகள், பட்டியலில் நின்ற இடம் ஆகியவை முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘குளம்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது ‘குளத்தின்’, ‘குளத்துக்கு’ என்றும், பன்மையில் ‘குளங்கள்’ என்றும் மாறுவதால், தட்டிய எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் தேடல் தோற்றுப்போகும். ஈற்று மகர மெய்யை வெட்டி ‘குள’ என்று தேடினால், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி சேமிக்கப்படுவதால் ‘குளிர்’, ‘குளியல்’ எல்லாம் வந்து குவியும். எனவே மகர ஈற்றுச் சொல்லுக்குக் ‘குளத்த’, ‘குளங்க’, ‘குளம’ என்ற மூன்று தொடக்கங்களையும் சேர்த்துத் தேடுங்கள். ‘வீடு’, ‘ஆறு’ போன்றவற்றுக்கு ‘வீட்ட’, ‘ஆற்ற’ என்ற இரட்டித்த வடிவங்களையும் சேருங்கள். இந்தச் சில விதிகளே அன்றாடக் கடிதங்களில் பெரும் பகுதிக்குப் போதும்.

‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. என்.எஃப்.சி. என்ற ஒருங்குறி இயல்பாக்கத்தை, தேடலுக்காகச் செயலி ஆயத்தமாக வைத்திருக்கும் சொல் அட்டவணையிலும் தேடுசொல்லிலும் ஒருங்கே செய்தால் அது சரியாகிவிடும். ‘ஸ்ரீ’ என்பதன் இரு வேறு குறியீட்டு வடிவங்களை அது இணைக்காது. அதை நீங்களே இணைக்க வேண்டும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் எஃப்.டி.எஸ். 5 என்னும் தேடல் அட்டவணையைப் பயன்படுத்துவோர் யூனிகோட்61 என்னும் சொற்பிரிப்பியின் இயல்பு அமைப்பை மாற்ற வேண்டும். அது எழுத்துகளையும் எண்களையுமே சொல்லின் பகுதியாகக் கொள்வதால், குறி வகையைச் சேர்ந்த புள்ளியிலும் உயிர்க்குறியிலும் தமிழ்ச் சொல் துண்டாகிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்கள் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், அட்டவணையில் சேர்க்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அலைவரிசை மெலிந்த உட்கிராமங்களில், ஒவ்வொரு தேடலுக்கும் சேவையகத்தை நம்பியிருக்க இயலாது. கருவியில் உள்ள கடிதங்களை உடனே காட்டிவிட்டு, ‘சேவையகத்தில் இன்னும் தேடப்படுகிறது’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். சேவையகத்தில் உள்ள கடிதங்களைச் செயலி அணுகும் முறையான ஐமேப்புக்கு 2003இல் வெளியான தரமான ஆர்.எஃப்.சி. 3501இல் அனுப்புநர், தலைப்பு, திகதி, பருமன் ஆகியவற்றால் தேட வழியுண்டு. இணைப்புக் கோப்பு உள்ளதா என்று நேரடியாகக் கேட்க வழியில்லை. ஆகவே ‘இணைப்புள்ளவை’ என்ற வடிகட்டிக்கான தகவலைக் கடிதத்தின் அமைப்பு விவரத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கருவியில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றும் கிடைக்காதபோது வெறும் ‘முடிவுகள் இல்லை’ என்று நிறுத்தாமல், எந்தச் சீட்டை நீக்கினால் எத்தனை கடிதங்கள் கிடைக்கும் என்றும், எரிதப் பெட்டியிலோ குப்பையிலோ பொருந்துவது ஏதும் உள்ளதா என்றும் சொல்லுங்கள். கிடைத்தால், தட்டிய சொல்லுக்குப் பொருந்திய வடிவத்தை நிறமிட்டுக் காட்டுங்கள். ‘குளம்’ என்று தேடியவர் ‘குளத்தின்’ நிறமிட்டிருப்பதைக் கண்டால், அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று கேட்கமாட்டார்.