கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள்

திருவாரூர் பக்கம், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எச்.ஐ.வி. உள்ளவரிடம் எடுத்த எடுப்பிலேயே ஆணுறையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள். நடவு முடிந்ததா என்று கேளுங்கள். அப்புறம், "அண்ணியும் நீங்களும் சேர்ந்து இருக்கறது உண்டாண்ணே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

ஒருவர், "போடுறேம்மா, ஆனா கிழிஞ்சுடுது" என்றார். துருவிக் கேட்டால், தேங்காய் எண்ணெய்! எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி. ஆணுறையைப் பற்றி எத்தனையோ முறை விளக்கியும், எண்ணெய் தடவுகிறாரா என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து மர மாதிரியைக் கையில் கொடுத்து அவர்களையே போட்டுக்காட்டச் சொல்கிறேன். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாரா, நுனியைக் கிள்ளிக் காற்றை எடுக்கிறாரா, கழற்றும்போது அடியைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். பர்சில் வெயிலோடு அலைந்ததைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பேசாவிட்டால் பாதி வேலைதான். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, 200-க்குக் கீழேயே நின்றால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி. துணைக்குப் பரவாது. இதைக் கேட்டதும் சிலர் அழுதுவிடுவார்கள், அழட்டும், அவசரப்படாதீர்கள். மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறை வேண்டும் என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.

தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை மனைவியிடம் அவரே சொல்லும்படி தயார்படுத்துங்கள். நீங்களாகப் போய்ச் சொல்ல 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. சொல்வதற்குத் தயங்கினால், இருவரையும் சேர்த்து வரச் சொல்லுங்கள். அந்த நாளில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காதீர்கள்.