பையன் பார்டர்ல இருக்கான், போன் வரல, வீட்ல நாம என்ன பண்றது

என் பையன் ஆர்மில ஆர்ட்டிலரில, அதாவது பீரங்கிப் படைல இருக்கான். லீவுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆச்சு, 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை வந்த நேரத்துல யூனிட்லேருந்து போன், உடனே கிளம்பி வான்னு. அவனுக்கு குடுத்தனுப்பலாம்னு மாடில வெங்காய வடகம் காய வெச்சிருந்தேன், அது பாதி ஈரமா இருக்கும்போதே பைய தூக்கிட்டு போய்ட்டான். அதுக்கப்புறம் நாலு நாள் போன் இல்ல, அந்த நாலு நாள்ல நான் பண்ண கூத்தெல்லாம் நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு, அத நீங்களும் பண்ண வேணாம்னுதான் எழுதுறேன். எங்க வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு போற பசங்க ஜாஸ்தி, ஆனா வீட்ல இருக்குறவங்க எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லித்தர மாட்டாங்க.

முதல்ல பேப்பர் வேலை. இத கேக்க வாய் வராது, அபசகுனமா தோணும், ஆனா அவன் வீட்ல இருக்கும்போதே உக்காந்து கேட்டு ஒரு நோட்ல எழுதிடுங்க. ஆர்மி நம்பர் (கடைசில ஒரு இங்கிலீஷ் எழுத்து வரும், அதையும் விடாதீங்க), ரேங்க், யூனிட் பேரு, அவனோட ரெக்கார்ட் ஆபீஸ் (அவன் சர்வீஸ் பேப்பரெல்லாம் இருக்குற ஆபீஸ்) எந்த ஊருன்னு. ஆர்ட்டிலரின்னா நாசிக், சிக்னல்ஸ்னா ஜபல்பூர், ஈஎம்ஈ-ன்னா (வண்டி, ஆயுதம் ரிப்பேர் பாக்குற பிரிவு) செகந்திராபாத், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நம்ம நீலகிரி வெலிங்டன். பேங்க்லயும் ஆர்மி குரூப் இன்சூரன்ஸ்லயும் நாமினி யாருன்னு பாக்க சொல்லுங்க, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சும் மாத்தாம இருக்குற பசங்க இருக்காங்க, என் பையனும் அதுல ஒருத்தன். வீட்டு சைடுல ஏதாவது உதவி வேணும்னா உங்க மாவட்டத்துல முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் இருக்கும், பேருதான் முன்னாள், இப்ப சர்வீஸ்ல இருக்குறவங்க குடும்பத்துக்கும் அவங்க பண்ணுவாங்க.

இன்னொன்னு, ஜம்மு காஷ்மீர், லடாக் பக்கம் போஸ்டிங்னா நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா மாத்தணும். இது தெரியாம முதல் தடவ போனப்ப மூணு நாளா நான் ஸ்விட்ச் ஆஃப் ஸ்விட்ச் ஆஃப்னு கேட்டுக்கிட்டே அழுதேன், அவன் பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருக்கான். லே மாதிரி உயரத்துக்கு போனா நேரா போஸ்ட்டுக்கு ஏத்திட மாட்டாங்க, உடம்பு பழகறதுக்கு முதல்ல 6 நாள், அதுக்கு மேல உயரம் போகப்போக ரெண்டு தடவ 4 4 நாள் நிறுத்தி வெப்பாங்க. அந்த நாள்ல தலைவலி, தூக்கமே வரலன்னு சொன்னான்னா பயந்துடாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுடான்னு மட்டும் சொல்லுங்க, நம்ம பசங்க வீம்புக்கு சொல்லாம இருப்பாங்க.

போன் வந்தா என்ன பேசறதுங்கறதுதான் பெரிய விஷயம். எங்க இருக்கன்னு கேக்காதீங்க, அவனால சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. லெட்டர் போட்டாலே அட்ரஸ்ல 56 ஏபிஓ-ன்னோ 99 ஏபிஓ-ன்னோதான் (ஆர்மி போஸ்ட் ஆபீஸ் நம்பர்) இருக்கும், ஊரு பேரே இருக்காது, அதுக்கு காரணம் இருக்கு. எப்ப வருவன்னும் கேக்காதீங்க, அவனுக்கே தெரியாது. நான் என்ன பண்றேன்னா ஒரு துண்டு பேப்பர்ல மூணு விஷயம் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருப்பேன், மாடு கன்னு போட்டுச்சு, பக்கத்து வீட்டு பொண்ணுக்கு சீட்டு கிடைச்சுது, அப்பா மறுபடி சுகர் மாத்திரைய மறந்துட்டாருன்னு இப்படி. அவனுக்கு வேண்டியது அதுதான், வீடு எப்பவும் போல ஓடுதுன்னு காதுல விழணும். ஒரு தடவ அடக்க முடியாம அழுதுட்டேன், ரெண்டு நிமிஷ கால்ல ஒன்றரை நிமிஷம் அவன் என்னை சமாதானம் பண்ணிட்டே கட் ஆயிடுச்சு. சாப்பிட்டியான்னு அவன நான் கேக்கவே இல்ல. இப்பல்லாம் போன வெச்சப்புறம் புழக்கடைக்கு போயி அழுதுக்குவேன்.

தெரியாத நம்பரா இருந்தாலும் எடுங்க, எந்த போன்லேருந்து கூப்பிடுவான்னு தெரியாது. ஆனா வேற யாராவது பேசி, நான் ஆபீஸர் பேசுறேன், உங்க பையன் யூனிட் இப்ப எங்க இருக்குன்னு கேட்டா கட் பண்ணிடுங்க. அவன் ஆபீஸருக்கு அவன் எங்க இருக்கான்னு தெரியாதா, நம்மள வந்து ஏன் கேக்கப்போறாரு?

கல்யாணம் ஆன பையன்னா இத படிங்க, ஆகாதவங்க தாண்டி போங்க. அவனுக்கு கிடைக்கிறதே ஒரு கால்னா அது மருமகளுக்குத்தான் போகும். ஆபீஸ் விஷயமா எது வந்தாலும் பேப்பர்படி அவதான் முதல். எனக்கு இது குத்துச்சு, பொய் சொல்லல, பெத்தவ நானு, எனக்கு ரெண்டாவதா விஷயம் வருதுன்னு ரெண்டு நாள் அவகூட முகம் குடுத்து பேசல. அவளுக்கு 24 வயசு, ராத்திரி அவ ரூம் லைட்டு அணையவே இல்லங்கறத அப்புறம்தான் கவனிச்சேன். இப்ப கால் வந்தா அவ ஸ்பீக்கர்ல போடுவா, முதல் ஒரு நிமிஷம் நான், அப்புறம் நான் எழுந்து வெளிய போய்டுவேன். உங்க வீட்ல எப்படி பிரிச்சுக்கறீங்களோ பிரிச்சுக்கோங்க, ஆனா முன்னாடியே பேசி வெச்சுடுங்க.

டிவி. மே 7 விடியக்காலம் நம்ம படை பாகிஸ்தான்ல அடிச்சாங்க, 10ம் தேதி சாயந்திரம் 5 மணிக்கு நிறுத்தினாங்க, நடுவுல எங்க வீட்டு டிவி அணையவே இல்ல. 8ம் தேதி ராத்திரி சில சேனல்ல கராச்சி துறைமுகத்தையே அடிச்சாச்சுன்னு சைரன் சத்தத்தோட ஓட்டினாங்க, விடிஞ்சா அப்படி ஒன்னுமே நடக்கல. அந்த பொய்க்கு நான் ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன். வெளியுறவுச் செயலரா இருந்த விக்ரம் மிஸ்ரி, ஆர்மி கர்னல் சோஃபியா குரேஷி, விமானப்படை விங் கமாண்டர் வியோமிகா சிங்னு மூணு பேரும் கவர்மென்ட் சார்பா வந்து உக்காந்து சொன்னாங்க பாருங்க, அத மட்டும் கேட்டிருந்தா போதும். டெய்லி அரை மணி நேரம், அதுக்கு மேல ரிமோட்ட ஒளிச்சு வெச்சுடுங்க. வாட்ஸ்அப்ல வர்ற வீடியோ பாதி வேற நாட்டு சண்டை, இல்லன்னா வீடியோ கேம்.

யூனிஃபார்ம் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெக்காதீங்க, என் மவன் இன்னிக்கு இந்த ஊருக்கு கிளம்பிட்டான்னு பெருமையா போடாதீங்க. 2020லயே ஆர்மி அதோட ஆளுங்கள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்ப போன்லேருந்து எடுக்க சொல்லிடுச்சு, அவன் கட்டுப்பாட்டுல இருக்கும்போது நாம இங்க ஊருக்கே சொல்லிட்டிருந்தா எப்படி.

வீட்டு ஆம்பளைங்கள பாத்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்த பேசல, தெகிரியமா இருக்காருன்னு நினைச்சேன், பாத்தா பிபி எங்கயோ ஏறி கெடக்கு. தூக்கம் இல்ல, சோறு இறங்கலன்னு பத்து நாளுக்கு மேல போனா 14416க்கு போன் போடுங்க, கவர்மென்ட்டோட டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

பார்சல் அனுப்பணும்னா போஸ்ட்டவிட, லீவு முடிஞ்சு திரும்புற அக்கம்பக்கத்து பசங்க கைல குடுத்தனுப்பறது நல்லது, காட்பாடில ஜம்மு பக்கம் போற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறுறவங்க யாராவது மாட்டுவாங்க. மூணு நாள் ரயிலு, அதுக்கு மேல எத்தன நாளோ, அதனால பால் ஸ்வீட் வேணாம். பருப்பு பொடி, புளிக்காய்ச்சல், வடகம், ரெண்டு கவர் போட்டு கட்டுங்க. தேங்காண்ணெய் அந்த குளுருல கல்லு மாதிரி ஆயிடுமாம்.

கடைசியா வேண்டுதல். அந்த நாலு நாள்ல நான் திருத்தணி, பழனி, சமயபுரம்னு எல்லாத்தையும் அவன் பேர்லயே வேண்டிக்கிட்டேன். அடுத்த லீவுக்கு வந்தவன் முதல் ரெண்டு நாள் தூங்கிட்டே இருந்தான் (எழுப்பாதீங்க, சொந்தக்காரங்கள வர சொல்லாதீங்க, அங்க என்ன நடந்துச்சுன்னு நோண்டாதீங்க), மூணாம் நாள் மொட்டை விஷயத்த சொன்னேன். ஏற்கனவே ஒட்ட வெட்டின தலைய தடவி காட்டி, இதுல என்னம்மா எடுக்கப்போறீங்க, இருக்குற கொஞ்ச நாள் லீவுல மூணு கோயிலாங்கறான். அதனால உங்க பேர்ல வேண்டிக்கோங்க, நீங்களே போய்க்கலாம். திருத்தணிக்கு அவங்க அப்பா மொட்டை போட்டுட்டாரு, சமயபுரம் நானும் மருமகளும் போய்ட்டு வந்துட்டோம், பழனி இன்னும் பாக்கி இருக்கு.