அமெரிக்கச் செய்தியைக் கனடாவில் உட்கார்ந்து படிப்பது எப்படி

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. கனடாப் பொருட்களுக்கு 25 சதவீத வரி போட்டு டிரம்ப் கையெழுத்திட்டுவிட்டார் என்று செய்தி வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு கொதித்துப் போனது. மிசிசாகாவிலிருந்து மிஷிகனுக்கு ட்ரக் ஓட்டுகிற என் மச்சான், "இனி வேலை இல்லை, வீட்டுக் கடனை எப்படிக் கட்டுறது" என்று குரல் பதிவு போட்டார். திங்கட்கிழமை அந்த வரி 30 நாள் தள்ளிப் போனது. மார்ச் 4 அமலுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்த விதிகளுக்குள் வருகிற பொருட்களுக்கு விலக்கு என்று இன்னொரு கையெழுத்து. மச்சான் ஏற்றிக்கொண்டு போனது ஒன்ராறியோவில் செய்து உறைய வைத்த ரொட்டி, பிறப்பிடச் சான்று இருந்தால் அந்த விலக்குக்குள் அடங்குகிற சரக்கு. ஆனால் அந்த ஐந்து வாரமும் மனிதர் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அப்போதிருந்து நான் அமெரிக்கச் செய்தியைப் படிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். டொராண்டோவில் வளர்ந்த எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பஃபலோ நகரத்துச் சேனல்கள் வீட்டுக்குள்ளேயே வந்தன, அங்கே எந்தத் தெருவில் தீப்பிடித்தது என்பது வரைக்கும் தெரியும். அதனாலேயே அவர்கள் அரசாங்கமும் நம்முடையது மாதிரிதான் ஓடுகிறது என்று மனசு தானாக எடுத்துக்கொள்கிறது. ஒரு செய்தியைப் பகிர்வதற்கு முன், கோபமாக நாலு வரி எழுதுவதற்கு முன், நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். சொன்னாரா, கையெழுத்திட்டாரா, சபை நிறைவேற்றியதா, அமலுக்கு வந்ததா? இந்த நாலும் நாலு வேறு செய்தி. ஒட்டாவாவில் பெரும்பான்மை அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தால் அநேகமாக அது சட்டமாகிவிடும், அதனால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. வாஷிங்டனில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை நிறைவேற்றினால் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. 100 பேர் கொண்ட செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும், அதற்கப்புறம் ஜனாதிபதி கையெழுத்து, அவர் மறுத்தால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு. "அமெரிக்காவில் சட்டம் நிறைவேறியது" என்ற தலைப்பைப் பார்த்தால் எந்தச் சபையில் என்று தேடுங்கள், பாதி பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

நிர்வாக ஆணை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது காங்கிரஸ், அதாவது அந்த இரண்டு சபையும் சேர்ந்து போட்ட சட்டம் கிடையாது, ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு சட்டத்தையோ அரசியல் சாசனம் தந்த அதிகாரத்தையோ பிடித்துக்கொண்டு ஜனாதிபதி போடுகிற உத்தரவு. அதன் முழு வாசகமும் வெள்ளை மாளிகைத் தளத்தில் வரும், பிறகு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்கிற அரசிதழில் வரும், இரண்டும் இலவசம். அதைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்தப் பொருளுக்கு அல்லது ஆளுக்கு, எந்தச் சட்டத்தின் பேரில். பிப்ரவரி ஆணையையே எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய், எரிவாயு மாதிரி எரிசக்திப் பொருட்களுக்கு 10 சதவீதம்தான் என்பது அதிலேயே இருந்தது. பிடித்துக்கொண்ட சட்டம் 1977-இல் போட்ட அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், அந்த ஒரு வரியைப் படித்தவர்களுக்கு இது நீதிமன்றத்துக்குப் போகும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்னொன்று, அந்த வர்த்தக ஒப்பந்தத்தை நாம் கஸ்மா என்கிறோம், அமெரிக்கர்கள் யுஎஸ்எம்சிஏ என்கிறார்கள், மெக்சிகோக்காரர்கள் டிமெக் என்கிறார்கள். மூன்றும் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற ஒரே ஒப்பந்தம். இது தெரியாமல் "புது ஒப்பந்தமாம்" என்று குழுவில் போட்டவர்கள் உண்டு.

அடுத்து, மத்தியா மாநிலமா? கனடாவில் குற்றவியல் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்கள் கையில் விட்டபோது என் தங்கை அழுதுகொண்டே போன் செய்து, "அண்ணா, இங்கேயும் வருமா" என்று கேட்டாள். இங்கே 1988-இலேயே நம் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றவியல் பிரிவை ரத்து செய்துவிட்டது, அதற்குப் பிறகு அப்படி ஒரு சட்டம் இல்லை என்று சொன்னதும் கொஞ்சம் அமைதியானாள். அவளுடைய பயம் நியாயமானது, ஆனால் அதற்கான விடை ஒட்டாவாவில் இருக்கிறது. கஞ்சா விஷயத்தில் இதே தவறு ஆளையே மாட்டிவிடும். நம் நாட்டில் 2018 முதல் சட்டபூர்வம், நியூயார்க் மாநிலத்திலும் சட்டபூர்வம், ஆனால் நடுவில் இருக்கிற எல்லைச் சாவடி மத்திய அரசுடையது, மத்தியச் சட்டத்தில் அது குற்றம். பையில் ஒரு துளிகூட வைத்துக்கொண்டு எல்லைப் பாலம் ஏறாதீர்கள்.

அரசு முடக்கம் என்று செய்தி வந்தால் தேர்தல் எப்போது என்று கேட்காதீர்கள். நம் முறையில் பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும், 1979 டிசம்பரில் ஜோ கிளார்க் அரசு அப்படித்தான் கவிழ்ந்தது. அங்கே பணம் ஒதுக்கும் சட்டம் காலாவதியானால் அரசு ஊழியர்கள் சம்பளமில்லாமல் நிற்பார்கள், பதவியில் இருப்பவர்கள் பதவியிலேயே இருப்பார்கள். 2025 அக்டோபர் 1-இல் தொடங்கியது 43 நாள் நீண்டது.

ஒரே சொல், வேறு பொருள் என்கிற கண்ணி நிறைய இடத்தில் உண்டு. தொலைக்காட்சியில் வரைபடம் சிவந்தால் இங்கே லிபரல், அங்கே குடியரசுக் கட்சி. நீலம் இங்கே கன்சர்வேட்டிவ், அங்கே ஜனநாயகக் கட்சி. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தார்கள் என்றால் ஒட்டாவாவில் விவாதத்துக்கு வைத்தார்கள், வாஷிங்டனில் கிடப்பில் போட்டார்கள், நேர் எதிர். பெட்ரோல் விலை அங்கே கேலனுக்கு, அதுவும் அமெரிக்க டாலரில். 3.785-ஆல் வகுத்து, அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினால்தான் நம் லிட்டர் விலையோடு ஒப்பிட முடியும்.

சரி, செய்தி எங்கிருந்து வருகிறது? இதை நான் அழுத்திச் சொல்வேன். 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளை மெட்டா தடுத்து வைத்திருக்கிறது. ஆனாலும் அங்கே நமக்கு அமெரிக்கச் செய்தி வந்துகொண்டே இருக்கிறதே, அது என்ன? யாரோ ஒருவர் தன் காரில் உட்கார்ந்து பேசுகிற வீடியோ, வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட், தேதி இல்லாத தலைப்பு. செய்தி இல்லாமல் அதன் மேல் சொன்ன கருத்து மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. அதனால் முகவரியை நீங்களே தட்டி அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ், சிபிசி தளங்களுக்குப் போங்கள், ஐந்து நிமிடம் போதும்.

அமெரிக்க கேபிள் சேனல்களில் இரவு நேரத்தில் வருவது பெரும்பாலும் கருத்து நிகழ்ச்சி, செய்தி வாசிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2020 தேர்தலுக்குப் பின், டொராண்டோவில் தொடங்கப்பட்ட டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனத்தின் மேல் அங்கே பொய்க் குற்றச்சாட்டுகள் ஒளிபரப்பாயின. அந்த வழக்கை முடிக்க ஃபாக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அப்புறம், அவர்கள் உரிமையை நம் உரிமை என்று எடுத்துப் பேசாதீர்கள். 2022-இல் கோவிட் கட்டுப்பாடுகளுக்கு எதிரான ட்ரக் போராட்டம் தொடர்பான ஜாமீன் விசாரணை ஒன்றில், ஒட்டாவா நீதிமன்றத்தில் ஒருவர் அமெரிக்க அரசியல் சாசனத்தில் பேச்சுரிமை தருகிற 'முதல் திருத்தம்' என்று வாதாட, நீதிபதி அது என்ன என்று கேட்க வேண்டியதாயிற்று. நமக்கு இருப்பது உரிமைகள் சாசனம். அதன் இரண்டாவது பிரிவு பேச்சுரிமை தருகிறது, முதல் பிரிவு நியாயமான வரம்புக்கும் இடம் கொடுக்கிறது. காவல் நிலையத்தில் விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று அமெரிக்கத் தொடர்கள் பார்த்து நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். இங்கே வக்கீலிடம் பேச உரிமை உண்டு, விசாரணை அறையில் கூடவே இருக்க வைக்கும் உரிமை பெரியவர்களுக்கு இல்லை என்று 2010-இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 18 வயதுக்குக் கீழே இருந்தால்தான் வாக்குமூலம் கொடுக்கும்போது வக்கீலைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை. பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை இன்றைக்கே பேசுங்கள்.

தேர்தல் இரவு என்றால் விழித்திருக்க வேண்டாம். அங்கே தேர்தலை நடத்துவது மாநிலங்களும், நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டிகளும், நம் எலெக்‌ஷன்ஸ் கனடா மாதிரி நாடு முழுக்க ஒரே அமைப்பு இல்லை. பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளையே தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்க முடியாது. 2020-இல் செவ்வாய் வாக்களித்தார்கள், பைடன் வென்றார் என்று சனிக்கிழமைதான் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. நடுராத்திரியில் ஒரு பக்கம் ஏறி விடியும்போது இறங்கினால், எந்த வாக்கை முதலில் எண்ணினார்கள் என்று பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நியூஜெர்சியில் என் சித்தி மகள் இருக்கிறாள். முன்பெல்லாம் போன் எடுத்தாலே, "உங்கள் நாடு இப்படிப் போகுதே" என்று நான்தான் ஆரம்பிப்பேன், அவள் சீக்கிரமே வைத்துவிடுவாள். போன மாதம் வெறுமனே, "அங்கே இப்ப என்ன பேச்சு" என்று கேட்டேன். பள்ளி வாரியத் தேர்தல், அதனால் ஏறப்போகிற வீட்டு வரி, கணவருக்கு வேலை மாறினால் காப்பீட்டில் பழைய டாக்டர் இருப்பாரா என்கிற கவலை என்று முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவைகூட வாஷிங்டன் வரவில்லை. வைக்கும்போது, "அடுத்த ஞாயிறும் எடுங்கோ அண்ணா" என்றாள்.