ஒரு கால்குலேட்டரில் ஐன்ஸ்டைனைச் சோதிப்பது: பி1913+16 இரட்டைப் பல்சார்

1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டை இது: ஒரு பல்சாரும் (சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) ஒரு துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு இங்கே பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். இந்தக் கோட்பாட்டின் விளைவாக அளந்த மூன்று எண்களில் இரண்டைக் (கீழே வரும் கோ, கா) கொண்டு விண்மீன்களை எடை போடுகிறோம். மூன்றாவதான சுற்றுக்காலக் குறைவைத் தொடாமல் வைத்திருக்கிறோம், சோதனையே அதில்தான்.

தேவையான எண்கள்

சுற்றுக்காலம் 27906.98 நொடி. அதை 6.28319ஆல் வகுத்தால் சு = 4441.5.
மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பதன் அளவு; வட்டத்துக்கு 0) மை = 0.61713.
சூரிய நிறை, நொடியில் (ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, ஒளிவேகத்தின் மும்மடியால் வகுத்தது): சூ = 4.92549 × 10⁻⁶.
அண்மைப்புள்ளி (இரண்டும் மிக நெருங்கும் இடம்) நகர்வு கோ = ஆண்டுக்கு 4.2266 பாகை.
ஈர்ப்பாலும் வேகத்தாலும் வரும் கடிகாரத் தாமதம் கா = 0.004307 நொடி.

1. மொத்த நிறை

முதலில் கோ-வை 57.2958ஆலும் 31557600ஆலும் வகுத்து, நொடிக்கு இத்தனை ரேடியன் என்று மாற்றுங்கள்: 2.3376 × 10⁻⁹. பாகையிலேயே விட்டால் விடை 434 மடங்கு பெருத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூரியன்கள் கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

மொ = [கோ × (1 − மை²) ÷ 3]^(3/2) × சு^(5/2) ÷ சூ = 2.828 சூரிய நிறை

2. தனித்தனி நிறை

து × (மொ + து) = கா × மொ^(4/3) ÷ [மை × சு^(1/3) × சூ^(2/3)] = 5.865

இருபடிச் சமன்பாடு; நேர்மறைத் தீர்வை மட்டும் எடுங்கள். துணை விண்மீன் து = 1.390, பல்சார் ப = 1.438.

3. கணிப்பு

ஈர்ப்பலைகள் (கால-வெளியில் பரவும் அதிர்வலைகள்) ஆற்றலைக் கொண்டுபோவதால் சுற்றுக்காலம் குறைய வேண்டும்:

−120.64 × (சூ ÷ சு)^(5/3) × வி × ப × து ÷ மொ^(1/3)

வி = [1 + (73/24)மை² + (37/96)மை⁴] ÷ (1 − மை²)^(7/2) = 11.86. பாதையை வட்டமாக எண்ணி இதை விட்டுவிட்டால் விடை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். நீள்வட்டத்தில் இரண்டும் மிக நெருங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பகுதி அலை கிளம்புகிறது.

விடை: நொடிக்கு −2.402 × 10⁻¹² நொடி. அதாவது ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோநொடி. இவ்வளவு சிறியதை எப்படி அளக்கிறார்கள்? சுருக்கம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்வதால், அண்மைப்புள்ளியை அடையும் நேரம் காலத்தின் இருமடியாக முந்துகிறது. 30 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 39 நொடி.

4. ஒப்பீடு

அளந்த மதிப்பு −2.423 × 10⁻¹². நேரே ஒப்பிட்டால் ஏறக்குறைய 1% இடிக்கும். அவசரப்பட்டுக் கோட்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். நாமும் அந்தப் பல்சாரும் பால்வீதியில் வெவ்வேறு முடுக்கத்தில் சுற்றுகிறோம். அது வானில் குறுக்காக நகர்வதும் சேர்கிறது. இவற்றின் பங்கு −0.025 × 10⁻¹². கழித்தால் −2.398 × 10⁻¹².

2016இல் வெளியான ஆய்வில் அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள விகிதம் 0.9983 ± 0.0016. இந்தப் பிழையில் பெரும்பங்கு பால்வீதித் திருத்தத்திலிருந்து, குறிப்பாகப் பல்சாரின் தொலைவைத் துல்லியமாக அறியாததிலிருந்து வருகிறது. ஆகவே துடிப்புகளை இன்னும் நுணுக்கமாக அளந்தால் மட்டும் போதாது. தொலைவும் துல்லியமாக வேண்டும்.