மெனுவில் நாம் ஏமாறும் இடங்கள்

பர்கர் பக்கமே போகக்கூடாது என்று முடிவெடுத்து, சாலட் வாங்கி உட்காருவதுதான் வெளியே சாப்பிடுபவர்கள் செய்யும் முதல் தவறு. சாலட் கெட்டது என்று அர்த்தமில்லை. பேரைப் பார்த்து வாங்குவதுதான் தவறு.

அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். இலை, தக்காளி, வெள்ளரி எல்லாம் சேர்ந்தும் 50 கலோரி தேறுவது கஷ்டம். மேலே ஊற்றிய கிரீமி டிரெஸ்ஸிங் இரண்டு மேசைக்கரண்டிக்கு 120 முதல் 150 கலோரி. கை தாராளமாக இருந்தால் நான்கு கரண்டி. 30 கிராம் சீஸ் துருவல் இன்னொரு 120. இதற்குமேல் மொறுமொறு ரொட்டித் துண்டுகளும் பொரித்த சிக்கனும் சேர்ந்தால், 250–300 கலோரியில் முடியும் சாதாரணச் சின்ன பர்கரைத் தாண்டி எங்கோ போய்விடும். டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். அதை ஊற்றாமல், முள்கரண்டி நுனியை அதில் தொட்டு இலையைக் குத்திச் சாப்பிட்டால் ஒரு கரண்டியே போதும். மயோனைஸுக்கும் இதே விதிதான். ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 90–100 கலோரி, அதில் முக்கால்வாசிக்கு மேல் எண்ணெய்.

மீன் என்றால் நல்லது, சிக்கன் என்றால் லேசானது என்பதும் பேரை நம்பும் ரகம்தான். மாவில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தபின் உள்ளே என்ன இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. மெனுவில் ‘கிரிஸ்பி’, ‘கிரன்ச்சி’ என்று இருந்தால் பொரித்தது என்று படியுங்கள். ‘கிரீமி’, ‘லோடட்’ என்றால் சாஸும் சீஸும் என்று படியுங்கள். ‘கிரில்டு’, ‘ஸ்டீம்டு’ பரவாயில்லை. ஆனாலும் வெண்ணெய் தடவித் தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பன் பழுப்பாக இருப்பதாலேயே முழுத்தானியம் ஆகிவிடாது. மால்ட் சேர்த்தாலும் அந்த நிறம் வரும்.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைத் தட்டில் டிஷ்யூவால் ஒற்றி எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. உருளைக்கிழங்கு பொரியும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே பீறிடுவதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே நுழைய முடியாது. வாணலியிலிருந்து எடுத்து ஆறத் தொடங்கியதும்தான் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேசைக்கு வருவதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். டிஷ்யூவில் வருவது மேல்மினுக்கு மட்டும். மெல்லியதாக நறுக்கியதில் மேற்பரப்பு அதிகம், ஆகவே எண்ணெயும் அதிகம். ஃப்ரைஸ் வேண்டும் என்றால் தடிமனாக வெட்டியது, சின்ன பாக்கெட்.

பெரிய ஓட்டை எதுவென்று கேட்டால், பானம்தான். 500 மில்லி கோலாவில் 50 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கிறது. தினம் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பே அவ்வளவுதான். முடிந்தால் அதில் பாதியோடு நிறுத்தச் சொல்கிறது. அந்தக் கணக்கில் பழச்சாறும் அடக்கம். இவ்வளவு குடித்தும் வயிறு நிறைந்த உணர்வு வராது, சாப்பாட்டின் அளவும் குறையாது. காம்போவில் பானம் சேர்ந்தே வருமென்றால் தண்ணீராக மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது காம்போவை விட்டு வேண்டியதை மட்டும் தனியாக வாங்குங்கள்.

அளவில் கண்ணும் ஏமாற்றும். 12 அங்குல பீட்சா 8 அங்குலத்தைவிட ஒன்றரை மடங்கு என்றுதான் தோன்றும். பரப்பளவைப் பார்த்தால் 2.25 மடங்கு, இரண்டு 8 அங்குல பீட்சாவைச் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. “இரண்டே துண்டுதான் சாப்பிட்டேன்” என்ற கணக்கு அதனால்தான் எடுபடுவதில்லை.

உப்பைப் பலரும் கவனிப்பதே இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணையில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள், அதை 2.5 ஆல் பெருக்குங்கள். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, ஒரே வேளையில் பாதி நாள் கணக்கு காலி. கலோரி குறைந்த தெளிந்த சூப்பிலும் உப்பு தூக்கலாக இருக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாய்த் துண்டு, பதப்படுத்திய இறைச்சி, கூடுதல் சாஸ் மூன்றையும் தவிர்த்தாலே கணிசமாகக் குறையும். அட்டவணை ஒரு பரிமாறலுக்கா, முழுத் தட்டுக்கா என்பதையும் பாருங்கள்.

ராத்திரி வெளியே போகிறோம் என்று மதியம் வயிற்றைக் காயப்போட வேண்டாம். கொலைப்பசியில் மெனுவைத் திறந்தால் கை பெரிய அளவின்மீதுதான் போகும். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு பழமோ ஒரு கைப்பிடி கொட்டைகளோ போதும்.

தட்டு வந்ததுமே பாதியை டப்பாவில் கட்டித் தரச் சொல்வது நல்ல உத்தி. ஆனால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே மறந்துபோனதைச் சூடுபண்ணிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பாக்டீரியா செத்தாலும், சில வகை விட்டுச்செல்லும் நச்சு அந்தச் சூட்டில் அழியாது.