இதயத்துக்கு ஸ்டெம் செல் ஊசியா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் அட்டாக் வந்து, எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 30க்குக் கீழே இறங்கிவிட்டால், பின்னாலேயே வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடும்: ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் செத்த தசை திரும்ப வளருமாம். நகையை அடகு வைக்க ஓடாதீர்கள்.

ஆராய்ச்சியையும் சிகிச்சையையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தவறு. ஆராய்ச்சி நிஜம். பெரிய அட்டாக்கில் 100 கோடி தசைச் செல்கள் வரை சாகலாம், இதயம் தானாகப் புதுச் செல் உண்டாக்குவது வருஷத்துக்கு 1 சதவீதம்கூடக் கிடையாது, அதனால் அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. ஊசியில் செலுத்தும் செல்களோ, துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தில் நிற்க இடமில்லாமல் பெரும்பாலும் சில நாளிலேயே போய்விடும். அவை பிடித்து நிற்க, கட்டடத்துக்குக் கட்டுவது போல ஒரு சாரம் வேண்டும். ஜெர்மனியில் கோட்டிங்கன் ஆய்வுக் குழு, ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றியது) வளர்த்த தசைச் செல்களைக் கொலாஜன் என்ற புரத ஜெல்லில் சேர்த்து, தானே துடிக்கும் ஒட்டுகளாக்கி, மாற்று இதயத்துக்குக் காத்திருந்த 46 வயதுப் பெண்ணின் இதயத்தில் ஆபரேஷன் செய்து வைத்தது. 3 மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்து பழையதை எடுத்துப் பார்த்தபோது, ஒட்டில் செல்கள் உயிரோடு இருந்தன, ரத்தக் குழாய்களும் ஓடியிருந்தன. 2025இல் வெளியான செய்தி இது, எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருகிறது. ஆனால் அதற்கு எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும், புதுத் தசை தன் போக்கில் துடித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் ஆபத்தும் உண்டு. அரை மணி நேரத்தில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிற ஊசி இது இல்லை.

"உங்கள் சொந்தச் செல்தானே, பயமே வேண்டாம்" என்பார்கள் ஊசி விற்பவர்கள். அவர்கள் எடுப்பது எலும்பு மஜ்ஜைச் செல் என்றால், அது இதயத் தசையாக மாறுவதில்லை. வயதுவந்த ஸ்டெம் செல்லால் இதயம் வளரும் என்று எழுதிப் புகழ்பெற்ற பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி 2018இல் அவர் வேலை பார்த்த ஹார்வர்ட் பல்கலைக்கழகமே கேட்டது. பிரசவத்தின்போது சேமிக்கச் சொல்லும் தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பதும் முக்கியமாக ரத்தம் உண்டாக்கும் செல்கள்தான், தாத்தாவின் இதயத்துக்கு என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

அப்புறம், பணம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் முயற்சிகள் எல்லாம் மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி போட்டாச்சே என்று பழைய மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்கு அதிகம் பயம். ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த மாத்திரைகளிலேயே பலருக்கு இ.எஃப். ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் எக்கோ ரிப்போர்ட்டோடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கோ போய்க் கேளுங்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று கஷாயம் போட்டு உட்காராமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள், முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.