யுனிவர்சல் பேக்கேஜ் ஏன் ரொசெட்டா கேட்டது?

எங்கள் மேக் ஆப்பை இன்டெல் சிப், ஆப்பிள் சிலிக்கான் (எம்1, எம்2 போன்ற ஆப்பிளின் சொந்த சிப்) இரண்டுக்குமாக ஒரே யுனிவர்சல் பேக்கேஜில்தான் கொடுக்கிறோம். புது எம்2 மேக் வாங்கியவர்களிடமிருந்து மட்டும் புகார்: இன்ஸ்டாலரைத் திறந்ததுமே ரொசெட்டாவை (இன்டெலுக்கான மென்பொருளை ஆப்பிள் சிப்பில் ஓட வைப்பது) நிறுவச் சொல்கிறதாம். என் எம்1-இல் அப்படி எதுவும் வரவில்லை.

எந்தெந்த சிப்புக்கான கோட் உள்ளே இருக்கிறது என்று காட்டும் லிப்போ கருவியில் பார்த்தேன். மெயின் பைனரி, உள்ளே இருக்கும் லைப்ரரிகள், எல்லாவற்றிலும் இரண்டு ஆர்க்கிடெக்சரும் இருந்தன. மறுபடி பில்ட், மறுபடி நோட்டரைசேஷன் (ஆப்பிளின் பாதுகாப்புச் சோதனை), பலனில்லை. சரி, சிப்புக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம் என்று பார்த்தால், ஆர்ம்64 (ஆப்பிள் சிப்புக்கானது) மட்டும் உள்ள பேக்கேஜும் ரொசெட்டா கேட்டது! (தன் மேக்கில் என்ன சிப் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, பிரித்தாலும் தப்பானதைத்தான் இறக்குவார்கள்.)

துப்பு கிடைத்தது இன்ஸ்டால் லாக்கில். நிறுவி முடிந்ததும் ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், சிப் வகையைச் சொல்லும் 'யூநேம் -எம்' கட்டளை, ஆப்பிள் சிப்பிலேயே 'எக்ஸ்86_64' (அதாவது இன்டெல்) என்று எழுதியிருந்தது. அதாவது இன்ஸ்டாலரே ரொசெட்டாவில் ஓடுகிறது.

காரணம், பேக்கேஜை எப்படி நிறுவுவது என்று இன்ஸ்டாலருக்குச் சொல்லும் டிஸ்ட்ரிபியூஷன் எக்ஸ்எம்எல் கோப்பு. அதன் ஆப்ஷன்ஸ் டேகில் 'ஹோஸ்ட்ஆர்க்கிடெக்சர்ஸ்' இல்லாவிட்டால், உள்ளே என்ன இருந்தாலும் மேக்ஓஎஸ் அதை இன்டெல் பேக்கேஜாகவே எடுத்துக்கொள்கிறது. 'ஆர்ம்64,எக்ஸ்86_64' என்று சேர்த்து, பேக்கேஜை உருவாக்கும் ப்ராடக்ட்பில்ட் கருவியை மறுபடி ஓட்டியதும் சரியாகிவிட்டது. அப்பாடா!

என் மெஷினில் ரொசெட்டா ஏற்கெனவே இருந்ததால்தான் கேட்கவில்லை. இப்போது ரொசெட்டா இல்லாத புது விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பார்த்த பிறகே வெளியிடுகிறேன்.